காய்ந்த கிளையில் குடியிருந்தவர்கள்: ஒரு தெரு மரத்தின் நிகழ்வு ஆய்வு

பிரச்சினை ஒரு ஸ்கூட்டரில் தொடங்கியது. எங்கள் தெருவின் நடுவில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிற்கிறது. ஒரு நாள் பிற்பகல், காற்றே இல்லாத நேரத்தில், அதிலிருந்து காய்ந்த கிளை முறிந்து கீழே நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் மேல் விழுந்தது. பக்கக் கண்ணாடி உடைந்தது, இருக்கை கிழிந்தது. ஆளுக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே தெருக்காரர்கள் கூடிவிட்டோம். மரம் பாதி செத்துவிட்டது, உள்ளே பொந்து விழுந்துவிட்டது, அடுத்த கிளை ஒரு குழந்தையின் தலையில் விழுந்தால் யார் பதில் சொல்வது, வெட்டிவிடலாம். பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது.

வெட்டச் சொன்னவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானும் கைதூக்கியவன்தான். கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த பதினொரு வயதுப் பெண்தான் குறுக்கே பேசினாள். "அதுல ஆந்தை இருக்கே அங்கிள், அது எங்க போகும்?"

பதினான்கு ஆண்டுகளாக அந்த மரத்தடியில் நடக்கிறேன். ஓர் ஆந்தையையும் பார்த்ததில்லை. அப்படிச் சொன்னதும் அவள் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தாள். "நீங்க மேல பார்க்கவே மாட்டீங்களா?"

வெட்டுவதற்கு அனுமதி கேட்டு எழுதிப் போட்டோம். பதில் வரச் சில மாதங்கள் ஆகும் என்றார்கள். அந்த இடைவெளியில் ஆறு பேர் சேர்ந்து தெரு மரங்களைக் கவனிக்கத் தொடங்கினோம். சில மாதம் என்று நினைத்தது ஒரு வருடமாக நீண்டது. என்ன பார்த்தோம், எங்கே தப்பாகப் பார்த்தோம், கடைசியில் மரத்தை என்ன செய்தோம் என்பதுதான் இந்த ஆய்வு.

பெயர்ப் பட்டியல்

எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் முதலில் செய்தோம். மரங்களை எண்ணினோம். தெருவில் 41 மரங்கள், 13 வகை. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் தையல் டேப்பைச் சுற்றி அடிமரச் சுற்றளவு எடுத்தோம். மரம் அளப்பவர்கள் பரவலாகக் கடைப்பிடிக்கும் உயரம் அது. குனிய வேண்டாம், அடிவேரின் புடைப்பும் கணக்கைக் கெடுக்காது. நியூயார்க்கில் 2015-இல் தொடங்கிய கணக்கெடுப்பில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களும் பணியாளர்களும் தெருத்தெருவாக நடந்து ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட தெரு மரங்களை எண்ணி முடித்தார்கள் என்று படித்திருந்தேன். நாங்கள் 41-லேயே தடுமாறினோம்.

கைபேசிச் செயலி எங்கள் தூங்குமூஞ்சியை இரண்டு தடவை 'வாகை' என்றது. அதன் மேல் தப்பில்லை. இரண்டும் நெருங்கிய உறவுக்கார மரங்கள், இலையை மட்டும் படம் எடுத்தால் மனிதர்களே குழம்புவார்கள். மாடி வீட்டு அக்காதான் கீழே கிடந்த காயை எடுத்துத் தீர்த்துவைத்தார். வாகைக் காய் தட்டையாக, காகிதம்போல மெல்லிசாக, காய்ந்ததும் வைக்கோல் நிறத்தில் சலசலக்கும். தூங்குமூஞ்சிக் காய் தடியாக, கறுப்பாக, உடைத்தால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். பூவும் வேறு: இதற்கு இளஞ்சிவப்புக் குஞ்சம், வாகைக்குப் பச்சை கலந்த வெளிர்மஞ்சள். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு விதி: இலையை மட்டும் பார்த்துப் பெயர் வைக்கக் கூடாது, காய், பூ, பட்டை இவற்றில் ஒன்றாவது கையில் வேண்டும். மயிற்கொன்றையையும் இயல்வாகையையும் பூவில்லாத மாதத்தில் பிரித்ததும் இப்படித்தான். இயல்வாகையின் மொட்டும் இளங்கொம்பும் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் இருக்கும்.

மரத்தின் வயதென்ன என்று எல்லோரும் கேட்டார்கள். குளிர்நாட்டு மரங்களில் வளர்ச்சி ஆண்டுதோறும் நின்று மறுபடி தொடங்குவதால் வளையங்கள் தெளிவாக விழும். வெப்பநாட்டு மரங்கள் பலவற்றில் அப்படி விழுவதில்லை. ஆகவே எங்களுக்குக் கிடைத்த ஒரே சான்று மூன்றாம் வீட்டுப் பாட்டியுடையது: "நான் இந்தத் தெருவுக்கு வந்தப்பவே நிழல் கொடுத்துக்கிட்டு இருந்துச்சு." எழுதிக்கொண்டோம்.

பட்டியல் முடிந்ததும் ஒரு திருப்தி வந்தது பாருங்கள், அதுதான் ஆபத்து. ஏனென்றால் அந்தப் பட்டியலின்படி தூங்குமூஞ்சி வெட்ட வேண்டிய மரம்தான். அது மத்திய அமெரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வந்த அயல் மரம். அயல் மரத்தில் உயிர்கள் குறைவு என்பது பலரும் சொல்வது. அதற்கு ஆதாரமும் உண்டு. பிரிட்டனில் பூச்சியியலாளர் சவுத்வுட் 1961-இல் எந்த மரத்தை எத்தனை பூச்சி வகைகள் சார்ந்திருக்கின்றன என்று கணக்குப் போட்டார். ஓக் மரத்துக்கு 284. பிற்காலத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்களுக்கு விரல்விட்டு எண்ணும் அளவே. ஒரு மரம் ஒரு மண்ணில் எவ்வளவு காலமாக, எவ்வளவு பரவலாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதைத் தின்னப் பழகிய பூச்சிகளும் இருக்கும் என்பது அவர் வாதம்.

சரி, இலையைத் தின்னும் பூச்சிகளுக்கு அது பொருந்தும். ஆனால் மரத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் இலை தின்னவா வருகிறார்கள்?

மரத்தைக் கூறு போட்டது

நோட்டை மாற்றினோம். 'என்ன மரம்' என்ற பத்திக்குப் பதிலாக நான்கு பத்திகள்: எத்தனை மணி, மரத்தின் எந்தப் பகுதி, யார், என்ன செய்துகொண்டிருந்தார். மரத்தை அடிவேர், அடிமரம், கவட்டை, உள்கிளை, இலைநுனி, காய்ந்த கிளை என்று ஆறாகப் பிரித்தோம். காலை 6 மணி, நடுப்பகல், அந்தி, இரவு 9 மணி என்று முறைவைத்து ஆளுக்கு இருபது நிமிடம். 'யார்' என்று எழுதியது அந்தப் பெண். 'எது' என்று நான் இரண்டு தடவை திருத்தினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

அடிமரத்தில் கிடைத்தவை பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்தவை: ஓணான், அரணை, பட்டை வெடிப்பில் பகல் தூக்கம் போடும் பல்லி, ஏறி இறங்கும் எறும்புச் சாரை. தெருப் பக்கப் பட்டையில் சாம்பல்பச்சைத் திட்டுகள் இருந்தன. சுண்ணாம்பு தெறித்தது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தோம். அது லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் உயிர். அதற்கு வேர் இல்லை, வேண்டியதைக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் எடுப்பதால் காற்று கெட்டால் முதலில் அடிபடும். பாரிஸ் நகரத்துப் பூங்கா ஒன்றில் லைக்கன்களைப் பார்த்தே காற்றின் தரத்தைச் சொல்லலாம் என்று நைலாண்டர் என்பவர் 1866-இலேயே எழுதிவிட்டார்.

எங்களுக்கு நல்ல பலன் தந்தது அந்தி நேரம். அதற்குக் காரணம் மரத்தின் பெயரிலேயே இருக்கிறது. வெளிச்சம் இறங்க இறங்க தூங்குமூஞ்சி தன் சிற்றிலைகளை மடித்துக்கொள்ளும். காம்பின் அடியில் இருக்கும் சிறு புடைப்பில் நீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்வதால் இந்த அசைவு. இருட்டியதால்தான் மடிகிறது என்று நினைப்போம், முழுக்க அப்படியில்லை. பிரெஞ்சு விஞ்ஞானி டி மெய்ரான் 1729-இல் தொட்டாற்சிணுங்கி போன்ற ஒரு செடியைத் தொடர்ந்து இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாதபோதும் அது நேரத்துக்கு விரிந்து நேரத்துக்கு மடிந்தது. செடிக்குள்ளேயே கடிகாரம் ஓடுகிறது என்ற எண்ணத்துக்கு வித்து அங்கே விழுந்தது.

எங்களுக்கு அதில் வேறு லாபம். பகலில் அடர்ந்த குடையாக நிற்கும் மரம், ஆறரை மணிக்குச் சல்லடையாகிவிடும். உள்ளே இருக்கும் கிளைகள், கூடுகள், பொந்துகள் எல்லாம் மங்கலான வானத்துக்கு எதிரே கோட்டுப்படம்போலத் தெரியும். முதல் வாரத்திலேயே ஐந்து பொந்துகளை எண்ணிவிட்டோம்.

பொந்துகள்

ஐந்தில் மூன்று இருந்தது மரத்தில் இன்னும் விழாமல் நின்ற காய்ந்த கிளையில். அதாவது, முதலில் வெட்ட வேண்டும் என்று எல்லோரும் விரல் நீட்டிய அதே கிளையில்.

சின்னப் பொந்தைக் கண்டுபிடித்த கதை கொஞ்சம் வெட்கமானது. பிப்ரவரி மாதம் முழுக்க நடுப்பகலில் 'டுக்... டுக்... டுக்...' என்று ஒரே சீராகச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் பழுது என்று ஸ்கூட்டர்காரர் போய் விசாரித்துவிட்டே வந்தார். மோட்டார் ஓடவில்லை. சத்தம் ஒரு சமயம் இடப்பக்கம் கேட்கும், மறுசமயம் வலப்பக்கம். செம்மார்புக் குக்குறுவான். கன்னான் குருவி என்றும் சொல்வார்கள். செம்புப் பாத்திரம் தட்டுகிற ஓசைக்கு வைத்த பெயர். சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிசு. பச்சை உடல், நெற்றியிலும் மார்பிலும் சிவப்புப் பொட்டு, கண்ணைச் சுற்றி மஞ்சள். அலகை மூடிக்கொண்டே தொண்டையை உப்பவைத்துக் கூப்பிடும். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் தலையைத் திருப்புவதால்தான் சத்தம் இடம் மாறுவதுபோலத் தோன்றுகிறது.

பொந்து கிளையின் அடிப்பக்கம், தரையைப் பார்த்தபடி. மழை உள்ளே இறங்காது. வட்டம் காம்பஸ் வைத்துப் போட்டதுபோல இருந்தது. இரண்டு பறவைகளும் மாறி மாறிக் கொத்தின. ஒன்று உள்ளே போய்ப் பின்பக்கமாகவே நகர்ந்து வந்து, வாய் நிறைய மரத்தூளை வெளியே உதறியது. தூள் காற்றில் இறங்கி நடைபாதையில் படிந்தது. அதை அள்ளிப் பார்த்தேன். மரத்தூள் என்பதைவிடத் தவிடு என்று சொல்லலாம். விரலில் தேய்த்தால் மாவானது. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. மரங்கொத்தியின் அலகு உளி. குக்குறுவானுக்கு அப்படியில்லை. உயிருள்ள கடினமான கட்டையில் அதனால் குடைய முடியாது. கிளை செத்து, அதில் பூஞ்சை ஏறி, கட்டை பதமாக வேண்டும். நாங்கள் 'நோய்' என்று எழுதிவைத்ததுதான் அதற்கு வீட்டு மனை.

கொஞ்சம் பெரிய பொந்து பொன்முதுகு மரங்கொத்தி குடைந்தது. குடைந்தவரை நாங்கள் பார்க்கவில்லை. பார்க்கும்போது அதில் பச்சைக்கிளி ஜோடி இருந்தது. கிளியும் மைனாவும் ஆந்தையும் பொந்துவாசிகள்தான், ஆனால் தாங்களாகப் புதிதாகக் குடையத் தெரியாதவை. யாராவது குடைந்து விட்டுப்போனதோ, கிளை முறிந்த இடம் தானாக உளுத்ததோ கிடைத்தால்தான் குடித்தனம். மரங்கொத்தி ஒரு வருடம் இருந்துவிட்டுப் போகும் பொந்தில் அடுத்தடுத்து யார் யாரோ வந்து தங்குவார்கள். ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தி இனமே கிடையாது. அங்கே யூகலிப்டஸ் மரத்தில் பெரிய பொந்து உருவாக வேண்டுமானால் பூஞ்சையும் கரையானும்தான் வேலை பார்க்க வேண்டும், அதற்கு நூறாண்டுக்கு மேலாகிவிடும். ஒரு கிழட்டு மரத்தை வெட்டிவிட்டுப் பத்துக் கன்று நட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

ஆந்தை இருந்தது கவட்டையில், பெரிய கிளை எப்போதோ முறிந்த இடத்தில் விழுந்த பொந்தில். புள்ளி ஆந்தை. உள்ளங்கையில் அடங்கிவிடும் என்று தோன்றும் அளவு. வெள்ளைப் புருவம், முறைக்கிற மஞ்சள் கண். வெயில் சாயும்போது வாசலில் வந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டும். கோபமில்லை, தூரத்தை அளக்கிறது: கண்களை உருட்ட முடியாததால் தலையை ஆட்டித்தான் ஆழம் பார்க்க முடியும். பதினான்கு வருடம் தெரியாமல் போனதற்கு இன்னொரு வழியிலும் விடை கிடைத்தது. அணில்களும் மைனாக்களும் ஒரே இடத்தைப் பார்த்து ஓயாமல் கத்துவதை எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன். 'சண்டை போடுதுங்க' என்று கடந்துபோவேன். அவை ஆந்தையைத்தான் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தன.

கவட்டைக்கு நேர் கீழே, வேர்ப் புடைப்பின் இடுக்கில் கருஞ்சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் கிடந்தன. பெருவிரல் நுனி அளவு. அந்தப் பெண் ஒன்றைத் தட்டில் வைத்து வெந்நீர் ஊற்றி, பல்குத்தும் குச்சியால் பிரித்தாள். எச்சம் இல்லை, ஆந்தை செரிக்க முடியாமல் வாய்வழியாக உமிழ்ந்தது. முதலில் மினுமினுக்கும் வண்டுச் சிறகோடுகள் வந்தன, ஒரு பிடி. அப்புறம் வெட்டுக்கிளியின் பின்னங்கால்கள், முள்ளோடு. கரப்பான் கால்கள். கடைசியில் அரிசியைவிடச் சற்று நீளமான தாடையெலும்பு, அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெட்டுப்பல். சுண்டெலி. கொறித்துண்ணிகளின் முன்பல்லில் இரும்புச் சத்து சேர்வதால் அந்த நிறம். தட்டைப் பார்த்த ஸ்கூட்டர்காரர், "இதெல்லாம் நம்ம தெருவுலயா ஓடுது?" என்றார். ஆமாம், ஓடிக்கொண்டிருந்தது.

புங்க மரத்துக்கு வைத்தியம்

இதே காலத்தில் நாங்கள் ஒரு முட்டாள்தனமும் செய்தோம். தெருக்கோடியில் இரண்டு புங்க மரங்கள். இலைகள் முழுக்கச் சின்னச் சின்னப் புடைப்புகள், அம்மை போட்டதுபோல. நோய் பரவிவிடும் என்று ஒரு மரத்தின் கிளைகளை நன்றாகக் கழித்துவிட்டார்கள். நான் தடுக்கவில்லை, ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் படித்தோம். அந்தப் புடைப்புகள் ஈரியோபைட் என்ற சிலந்திப்பேன் செய்வது. தென்னங்காயில் சொறி உண்டாக்குகிற சிலந்திப்பேனின் உறவு. வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இலையைக் குத்திச் சாறு உறிஞ்சும்போதே தனக்கு ஓர் அறையை இலையே கட்டிக்கொடுக்கும்படி செய்துகொள்கிறது. மரத்துக்குப் பெரிய சேதமில்லை. அடுத்த தளிர்ப்பருவத்தில் பழைய இலை உதிர்ந்து புது இலை வரும்.

கழிக்காமல் விட்ட புங்கத்தில் நடந்ததைப் பார்த்தபோதுதான் இழப்பு புரிந்தது. மழைக்குப் பிறகு இளந்தளிரில் இலையை மடித்து உள்ளே புழு இருந்தது. சில வாரத்தில் பழுப்பு நிறத்தில், கண்ணிமைக்கும் நேரத்தில் பறந்து மறையும் வண்ணத்துப்பூச்சிகள். பூங்கொத்துகளில் வெளிர்நீல வண்ணத்துப்பூச்சிகள். புழுவைத் தேடித் தையல்சிட்டும் சின்னானும். மேல் கிளையில் முசுறு எறும்புகள் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டியிருந்தன. பெரிய எறும்புகள் வரிசையாக நின்று இலை விளிம்புகளை இழுத்துப் பிடிக்க, வேறு சில தங்கள் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு பசைக்குப்பிபோல இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்கும் ஓட்டின. பட்டு நூல் சுரப்பது புழுதான், தைப்பது எறும்பு.

அங்கேதான் அந்தப் பெண் கத்தினாள்: "இந்த எறும்புக்கு எட்டுக் கால்!" ஆறு பேரும் குனிந்தோம். முசுறு போலவே நிறம், முசுறு போலவே இடுப்பு, ஆனால் முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்புபோல உயர்த்திக்கொண்டு நடக்கும் குதிக்கும் சிலந்தி. கடிக்கிற எறும்பை யாரும் தின்ன விரும்புவதில்லை என்பதால் அந்த வேஷம். ஆண் சிலந்தியின் தாடைகள் முன்னால் நீண்டு, ஓர் எறும்பு இன்னொரு எறும்பைத் தூக்கிப்போவதுபோல இருக்கும். என் கைபேசியில் எடுத்த ஒன்பது படத்தில் ஒன்றுகூடத் தெளிவாக விழவில்லை. அவள் கண்ணில் விழுந்திருந்தது, போதும்.

ஆக, நாட்டு மரமா அயல் மரமா என்ற கேள்விக்கு எங்கள் தெரு சொன்ன பதில் கோணலானது. இலை தின்பவர்களுக்குப் புங்கமும் கொன்றையும் வேம்பும் வேண்டும். பொந்து தேடுகிறவர்களுக்கு எந்த ஊர் மரம் என்பது பொருட்டே இல்லை. கிழமரமாக இருந்தால் சரி. பழந்தின்னிகளுக்குத் தெருமுனை அரசமரம். அது பழுத்த இரண்டு வாரம் குயில், மைனா, மாங்குயில், குக்குறுவான், இரவில் பழந்தின்னி வௌவால் என்று ஒரே திருவிழா, மறுவாரம் வெறிச்சோடிவிட்டது. அத்தி இனங்கள் எழுநூற்றைம்பதுக்கும் மேல். அவற்றின் பழத்தைத் தின்னும் பறவை, பாலூட்டி வகைகள் மட்டும் 1,200-ஐத் தாண்டும். ஒரு மரத்தின் காய்கள் சேர்ந்து பழுக்கும், ஆனால் பக்கத்து மரம் வேறு மாதத்தில் பழுக்கும். காய்க்குள் பிறக்கும் குளவிக்கு வாழ்நாள் ஓரிரு நாள்தான். வெளியே வந்ததும் வேறு மரத்தில் பிஞ்சு தயாராக இருந்தால்தான் அதன் வம்சம் ஓடும். மரங்கள் முறைவைத்துக் காய்ப்பதால் வேறெந்தப் பழமும் இல்லாத மாதத்திலும் எங்காவது ஓர் அரசோ ஆலோ பழுத்திருக்கும். (அதே அரசின் கன்று சுவர் வெடிப்பில் முளைத்தால் பிடுங்கித்தான் ஆக வேண்டும். அதில் எனக்குக் கருணை இல்லை.)

மரச்சுத்தியல்

எல்லாம் சரி, கிளை விழுந்தால்? இந்தக் கேள்வியை ஆந்தை அழகு என்று சொல்லி மூடிவிட முடியாது. தூங்குமூஞ்சி பெருங்கிளைகளை அகல விரிக்கும் மரம். காய்ந்த கிளை விழத்தான் செய்யும். ஸ்கூட்டர்காரர் கேட்டது நியாயம்.

வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரை அழைத்துவந்தோம். அவர் முதலில் மேலே பார்க்கவே இல்லை. கீழே பார்த்தார். வேர்ப் பக்கத்து மண் வெடித்திருக்கிறதா, ஒரு பக்கம் தூக்கியிருக்கிறதா, அடிமரத்தில் தட்டுத்தட்டாகக் காளான் முளைத்திருக்கிறதா என்று சுற்றிவந்தார். அடியில் காளான் இருந்தால் வேரும் அடிக்கட்டையும் உளுக்கிறது என்று அர்த்தம், அதுதான் மெய்யான அபாயம் என்றார். எங்கள் மரத்தில் இல்லை. அப்புறம் மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டினார். ஓரிடத்தில் கெட்டியான ஓசை, ஓரிடத்தில் பறை தட்டுவதுபோல. பறை ஓசை வந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டார். அடிமரத்தின் ஒரு பக்கத்தில் உள்ளே வெற்றிடம்; சுற்றுச்சுவர் தடிமனாக இருக்கிறது.

"உள்ள ஒண்ணுமில்லன்னா எப்படி சார் நிக்குது?" என்று கேட்டோம். குழாய் எப்படி நிற்கிறதோ அப்படித்தான். மரத்தின் நடுப்பகுதி ஏற்கெனவே செத்த கட்டை. நீர் ஏறுவது அதற்கு வெளியே உள்ள இளங்கட்டையில், உணவு இறங்குவது உள்பட்டையில். நடுவில் உளுத்தாலும் ஓரம் திடமாக இருக்கும்வரை மரம் உயிரோடும் நிற்கும், காற்றையும் தாங்கும். அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்துச் சொன்ன விஷயமும் இதோடு சேர்ந்தது. மரம் நம் தோல்போலக் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. உளுத்த பகுதியைச் சுற்றி உள்ளுக்குள்ளேயே சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதுக் கட்டையை வளர்க்கிறது. 1977-இல் இதை அவர் ஒரு முழுக் கோட்பாடாக வெளியிட்டார்.

பொந்தைச் சிமென்ட் போட்டு அடைத்துவிடலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தார், மூட்டைகூட வந்து இறங்கிவிட்டது. பெரியவர் கையை ஆட்டி மறுத்துவிட்டார். மரம் ஆடும், சிமென்ட் ஆடாது. இரண்டும் உரசி, மரம் கட்டிய சுவரையே உடைக்கும். ஈரமும் உள்ளே தங்கும். அந்தச் சிமென்ட் கடைசியில் நடைபாதைக் குழிக்குப் போனது.

அவர் சொன்ன வழி இது. மரத்தை வெட்ட வேண்டாம். சாலைக்கு மேல் நீண்டிருக்கும் காய்ந்த கிளையின் நுனிப்பக்கப் பாரத்தை மட்டும் எடுக்க வேண்டும். அடிப்பக்கம் ஆள் உயர முண்டு அப்படியே நிற்கட்டும். பச்சைக் கிளை எதையாவது எடுக்க நேர்ந்தால் கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் உள்ள வளையத்தை விட்டு, அதற்கு வெளியே அறுக்க வேண்டும். அடிமரத்தோடு ஒட்ட வழித்தால் அந்தக் காயத்தை மரத்தால் அடைக்க முடியாது. எல்லாம் குஞ்சுகள் பறந்த பிறகு. அதுவரை கிளைக்கு நேர் கீழே கயிறு கட்டி, யாரும் வண்டி நிறுத்தக் கூடாது.

கயிறு கட்டுவதற்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது. மூன்று வண்டிக்கு இடம் போகிறது. மரம் வெட்டுவதற்குப் பத்து நிமிடத்தில் சம்மதித்த தெரு, மூன்று மாதம் வண்டியைத் தள்ளி நிறுத்த இரண்டு கூட்டம் போட்டது. கடைசியில் அந்தக் கயிற்றைக் கட்டியவர் ஸ்கூட்டர்காரர். எலித் தாடையெலும்பு வேலை செய்ததா, மரச்சுத்தியலா என்று நான் கேட்கவில்லை.

வெட்டிய பிறகு

மே மாதக் கடைசியில் வெட்டினோம். அதற்குள் ஆந்தைக் குஞ்சுகள் இரண்டும் பறந்துவிட்டன, குக்குறுவான் பொந்தும் காலி. கிளைத் துண்டுகளைக் கொண்டுபோகச் சொல்லாமல் ஒரு பெரிய துண்டை வேரோரம் கிடத்திவைத்தோம். மழை தொடங்கியதும் அதில் காளானும் மரவட்டையும் வந்தன.

தவறும் நடந்தது. கிளியின் பொந்து முண்டில் இருக்கிறது என்று நம்பியிருந்தோம். அறுத்து இறக்கியபோது அது வெட்டிய துண்டில் இருந்தது. எங்கள் குறிப்பில் உயரத்தைக் கண்ணளவில் எழுதியிருந்தோம், இரண்டு அடி பிசகிவிட்டது. குஞ்சு இல்லாத காலம் என்பதால் உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் அந்த ஜோடி அடுத்த பருவத்தில் வந்து முண்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டுப் போய்விட்டது. இப்போதெல்லாம் பொந்து இருக்கும் கிளையில் வண்ண நாடா கட்டிய பிறகுதான் யாரையும் ஏணியில் ஏறவிடுகிறோம்.

இன்னொன்று டார்ச் விளக்கு. ஆந்தையைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் இரவில் வெளிச்சம் அடித்ததில் நான்கைந்து நாள் அது பொந்துக்கே வரவில்லை. பிறகு விளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி, ஒரு இரவுக்கு ஒரு தடவை, ஒரு நிமிடம் என்று வைத்தோம். கிளை வெட்டிய பிறகும் ஒரு மாதம் ஆந்தையைக் காணோம். நான் கைவிட்டுவிட்டேன். ஒரு நாள் அந்தியில் அணில்கள் கவட்டையைப் பார்த்துக் கத்தத் தொடங்கின, மேலே பார்த்தேன்.

முண்டை இந்த பிப்ரவரியில் குக்குறுவான் தட்டிப் பார்த்தது. இரண்டு இடத்தில் குடையத் தொடங்கி, விரல்கடை ஆழத்தில் விட்டுவிட்டது. மூன்றாவது இடத்தில் இப்போது வேலை நடக்கிறது. நேற்று மதியம் ஸ்கூட்டர்காரர் வண்டியை எடுக்க வந்தார். புதிதாகத் தைத்த இருக்கையின் மேல் தவிடுபோல மரத்தூள். அதைத் துடைக்கப் போனவர், நின்று மேலே பார்த்தார், பிறகு வண்டியை நான்கு அடி தள்ளி நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போய் என் தொலைநோக்கியைக் கொண்டுவந்தார். போன வாரம் வாங்கிக்கொண்டு போனது. திருப்பித் தருவதாக இன்னும் சொல்லவில்லை.